பட்டாளத்தார் கிணறு பார்க்கிறார்

சுதந்திர தினத்துக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறோம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வேலந்தாவளம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. கேரளத்து மண், தமிழ் மீடியம் பிள்ளைகள். மிட்டாய் கொடுத்து முடிக்கும் முன்பே எவனாவது ஒரு பொடியன் கேட்டுவிடுவான்: "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?"

நான் சேப்பர். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. 1780இல் தொடங்கிய படைப்பிரிவு. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கன்னிவெடி புதைப்பது, எதிராளி புதைத்ததை எடுப்பது, தண்ணீர் கொண்டுவருவது, இதுதான் எங்கள் வேலை. துப்பாக்கி தோளில் தொங்கும். கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு கம்பி. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகிறது. பக்கத்தில் நிற்கும் வாத்தியார்களின் முகமும்தான். அதனால் இந்த வருஷம் மேடையில் சொல்லாததை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1984இல் சேர்ந்தேன். 1987 கடைசியில் யாழ்ப்பாணம். அமைதிப்படை என்று பெயர். முதலில் போனவர்களுக்கு ஊரே மாலை போட்டது என்பார்கள். நான் போனபோது மாலையெல்லாம் வாடிவிட்டது; அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கியிருந்தது. எங்களை இறக்கிவிட்ட இடம் வலிகாமம் பகுதி, அச்சுவேலிப் பக்கம்.

காலையில் வண்டிகள் போவதற்கு முன்னால் ரோட்டைத் திறக்க வேண்டும். 'ரோடு ஓப்பனிங்' என்போம். கான்வாய் எட்டு மணிக்கு என்றால் நாங்கள் இருட்டிலேயே நடக்கத் தொடங்குவோம். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஓடைப்பாலங்கள்தான் முக்கியம். பிளாஸ்டிக் கேனில் வெடிமருந்தை அடைத்து அதற்குள் செருகிவிட்டு, ஒயரைப் புல்லுக்குள்ளேயே இழுத்துப்போய்த் தூரத்தில் ஒருவர் பேட்டரியோடு காத்திருப்பார். பிளாஸ்டிக்கில் இரும்பு எங்கே இருக்கிறது? டிடெக்டர் ஊமையாகிவிடும். அதனால் கண்தான் வேலை செய்ய வேண்டும். மண் நிறம் மாறியிருக்கிறதா, தார் ஒட்டுப்போட்டிருக்கிறதா, நேற்று இந்த வேலியோரம் மேய்ந்த மாடு இன்றைக்கு ஏன் இல்லை, தினமும் சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர் எங்கே. சந்தேகப்பட்ட இடத்தில் குப்புறப் படுத்து, கம்பியை முப்பது டிகிரி சாய்த்து மெல்லக் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் கன்னிவெடியின் தலையிலேயே படும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும். என் படிப்பு என்றால் அதுதான்.

முகாமுக்குத் தண்ணீர் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை, மேலே செம்மண், பனை, கிணறு. எனக்கு ஊர் ஞாபகம் வந்ததற்குக் காரணமே அந்தப் பனைதான். ஒரு தோட்டக்காரரின் கிணற்றில் எங்கள் பம்பைப் போட்டு இரவு பகலாக இறைத்தோம். வெங்காயமும் புகையிலையும் வைத்திருந்த மனிதர். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து, பயமில்லாமல் சொன்னார்: "தம்பி, இறைச்சுக்கொண்டே இருந்தியளெண்டா உப்பு ஏறிப்போடும். ராவிலை ஊற விடுங்கோ."

ஹவில்தாரிடம் சொல்லி இரவில் மோட்டாரை நிறுத்த வைத்தேன். அதற்கு அப்புறம்தான் அந்தத் தோட்டக்காரர் என்னிடம் ஊர் கேட்டார். பாலக்காடு என்றேன். "அப்ப மலையாளியோ?" இல்லை, வீட்டில் தமிழ்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமிழெண்டா ஏன் தம்பி இந்த உடுப்போடை வந்தனீங்கள்?"

அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் எங்கள் படையின் குண்டுக்குச் செத்தார்கள். நான் அங்கே இல்லை. அதே உடுப்பு போட்டிருந்தேன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்திலும் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதைப் பற்றி என்னோடு இருந்த பலருக்கு இன்றும் கோபம். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தத் தோட்டக்காரர் கேட்டதைத்தானே அவரும் வேறு விதமாகக் கேட்டார் என்று தோன்றும். இதைச் சொல்லி நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

சரி. படிப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரியில் டிப்ளமா. அப்புறம் ஏ.எம்.ஐ.இ. காலேஜ் வாசலை மிதிக்காமல் பரீட்சை எழுதியே எஞ்சினியர் ஆகும் வழி. இந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. கூடாரத்தில் ஹரிக்கேன் விளக்கில் படித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஜெனரேட்டர் இருந்தது. நிலத்தடி நீர் பாடத்தில் கீபென்-ஹெர்ஸ்பெர்க் என்று ஒரு விதி வரும். கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே 40 அடி போச்சு. படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தை மூடிவிட்டேன். அச்சுவேலிக்காரர் அன்றைக்கு இதைத்தான் சொன்னார்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படை முழுக்க மேற்கு எல்லைக்குப் போனது. பல மாதம் கன்னிவெடி புதைத்தோம், போர் வரவே இல்லை, மறுபடி எடுத்தோம். புதைக்கும்போதும் எடுக்கும்போதும் ஆட்கள் போனார்கள். போதும் என்று ஹவில்தாராக வெளியே வந்தேன். கோயமுத்தூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் பாலம், கால்வாய் வேலைகளில் சைட் எஞ்சினியர். கம்பி கட்டுகிற பையன்கள் என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிடுவார்கள். மற்றபடி அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரோடு தங்கியபிறகுதான் கிணறு வேலை. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் மார்ச் மாதம் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மலையிலேயே பெய்து தீர்ந்துவிடும், எங்களுக்கு மிச்சம்தான். தமிழ்நாட்டோடு உள்ள பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், வருகிற வருஷமும் உண்டு, கொடி பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்காருகிற வருஷமும் உண்டு. மீதிக்கெல்லாம் போர்வெல். எங்கள் சித்தூர் பிளாக்கில் ஊறுவதை விட எடுப்பது அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பே எழுதிவைத்தது. கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஜனங்கள் போராடிய பிளாச்சிமடையும் இந்தத் தாலுக்காதான்.

இன்னொன்று, எங்கள் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் வேறு எங்கும் அதிகம் பார்க்க முடியாது. காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் ஊதி மூடிக்கொள்ளும். ஈரமான கரிசலுக்குள் தண்ணீர் இறங்காது. இது தெரியாமல் ஒரு திட்டத்தில் வீட்டுக்கு வீடு மூன்றடிக் குழி எடுத்து 'மழைநீர் சேகரிப்பு' என்று போர்டு வைத்தார்கள். தண்ணீர் நின்றது, கொசு வந்தது, குழியை மூடினார்கள். கரிசல் அடுக்கைத் தாண்டி, கீழே இற்றுப்போன பாறை வரும்வரை தோண்டினால்தான் குழிக்கு அர்த்தம். அதை முதலிலேயே கம்பி விட்டுப் பார்த்திருக்கலாம்.

அதைவிடச் சுலபம், கூரைத் தண்ணீரை நேராகக் கிணற்றுக்கே கொடுப்பது. திருச்சூர் ஜில்லாவில் 2008இல் 'மழப்பொலிமா' என்று தொடங்கினார்களே, அதே வழி. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் ஓட்டு வீட்டில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். சிந்தினது போக 4,000 என்று வையுங்கள். நாலு இஞ்ச் பைப், ஒரு பிளாஸ்டிக் டிரம், அதில் சல்லி, அடுப்புக்கரி, மணல், வாய்க்கு நைலான் வலை. முதல் மழையைக் கிணற்றுக்குள் விடவே கூடாது, கூரையில் இருக்கிற பறவை எச்சம் பூராவும் அதில்தான் வரும். அதற்குத் தனி வால்வு. தொழிலுறப்பு என்கிற ஊரக வேலைத் திட்டத்துப் பெண்கள் குழியெடுத்துக் கொடுப்பார்கள், பைப் ஒட்டுவது நானும் இரண்டு பையன்களும். கூலி கிடையாது, சாப்பாடு போட்டே ஆவேன் என்று நிற்பவர்களிடம் வாதாடுவதில்லை.

பக்கத்துத் தோட்டத்து அம்மிணி ஒருவர், "பட்டாளத்தாரே, போர்வெல்லே ஆயிரம் அடியில காத்து விடுது, நீங்க ஓட்டுத் தண்ணிய ஊத்தி என்ன ஆகப்போகுது?" என்றார். நியாயமான கேள்வி. போர்வெல்லுக்கு ஒன்றும் ஆகாது. நாற்பது அடிக் கிணற்றுக்கு ஆகும். குடிக்க, மாட்டுக்கு, வீட்டுச் செலவுக்கு அது போதும் என்றேன். தென்னைக்குப் போதாதே என்றார். போதாதுதான். தென்னையைக் குறைக்கச் சொன்னால் என்னை ஊரை விட்டே துரத்துவார்கள், அதனால் சொல்வதில்லை. எழுதத்தானே செய்கிறேன்.

கிணற்றைவிட அதிக நேரம் பிடிப்பது பென்ஷன் பேப்பர். இந்தப் பக்கத்து முன்னாள் ராணுவத்தார் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மனைவிமார் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, தமிழ்ப் பள்ளி சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள் என்று ராணுவ பென்ஷனைக் கவனிக்கும் ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் புரிய வைக்க வேண்டும். சிலருக்குப் புருஷன் கல்யாணமானதைப் பட்டாளத்தில் பதிவே செய்யவில்லை. கல்யாணம், பிள்ளை பிறப்பு போன்றவற்றைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' போடாமல், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் மனைவி பெயர் வராது, குடும்ப பென்ஷனும் வராது. உயிரோடு இருக்கும்போதே சரிபார்க்கச் சொன்னால் நம் ஆட்களுக்கு அபசகுனமாகப் படுகிறது. பென்ஷன் தொடர வருஷா வருஷம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும்; காலமெல்லாம் களை எடுத்த கையில் ரேகை தேய்ந்து, மெஷின் எடுக்காது. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டி உயிர்ச்சான்று எடுக்கலாம், அது பெரிய உபகாரம்.

அதனால், இந்த நவம்பரில் என் வீட்டுக்கு வருபவர்கள் பி.பி.ஓ., ஆதார், பாங்க் பாஸ்புக், ஆதாரோடு இணைத்த போன் இவற்றைக் கொண்டு வாருங்கள். ஓ.டி.பி. வரும் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஐப்பசி மழை முடிவதற்குள் இன்னும் சில கிணறுகளுக்கு பைப் போட வேண்டியிருக்கிறது.