ஏழாவது கட்டியோடுதான் காரணம் தெரிந்தது

முதல் கட்டி தொடையில் வந்தது. சூட்டுக் கட்டி என்று நினைத்து விரலால் பிதுக்கினேன். நான்காம் நாள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, காலை மடக்க முடியாமல் டாக்டரிடம் போனேன். ஐந்து நாளுக்கு அமாக்சிசிலின் கலந்த மாத்திரை கொடுத்தார். கட்டி தானாக உடைந்து ஆறிவிட்டது. மாத்திரைதான் ஆற்றியது என்று நம்பினேன். ஒரு வருடத்துக்கும் மேல் நான் கஷ்டப்பட்டதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

அடுத்த 14 மாதங்களில் அக்குள், இடுப்பு, மறுபடியும் தொடை என்று இன்னும் ஐந்து கட்டிகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அதே வகை மாத்திரை. இரண்டு முறை வீட்டில் மீந்திருந்ததையே போட்டுக்கொண்டேன். அது பெரிய தப்பு. ஏழாவது கட்டி வந்த அதே வாரம் என் மனைவிக்கும் முழங்கைக்குக் கீழே ஒன்று வந்தது. அப்போதுதான் இது என் உடம்போடு நிற்கிற விஷயமில்லை என்று பயம் வந்தது.

புதிதாகப் பார்த்த டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாத்திரைக்கு முன்னாடி சீழ் வெளியே வரணும்" என்றார். கட்டிக்குள் சீழ் தேங்கி, சுற்றிலும் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. ஆனால் கீறிச் சீழை எடுத்த அன்று இரவே வீக்கத்தின் இழுப்பு குறைந்து தூங்கினேன். அந்தச் சீழில் கொஞ்சம் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எது என்றும் எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். முந்தைய ஆறு தடவையும் யாரும் இதைச் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்குக் கட்டி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் இந்த ஒரு டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: எம்ஆர்எஸ்ஏ. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மெத்திசிலின் 1959-ல் வந்த, பென்சிலின் குடும்பத்து மருந்து. அமாக்சிசிலினும் அதே குடும்பம்தான். 1961-லேயே அதற்குக் கட்டுப்படாத கிருமியை இங்கிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியின் செல் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. இந்தக் கிருமியிடம் அந்த மருந்துகளின் பிடிக்குச் சிக்காத வேறொரு புரதம் இருக்கிறது. நான் விழுங்கிய அமாக்சிசிலின் எதையும் செய்யாததற்கு அதுதான் காரணம். ரிப்போர்ட்டில் கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் கேட்கும் என்று இருந்தது. கிளிண்டாமைசின் முதலில் கேட்பதுபோலத் தெரிந்தாலும், டி-டெஸ்ட் என்ற கூடுதல் சோதனையில் அதுவும் கைவிட்டுவிடும் என்று தெரிந்தது. லேப்காரர்கள் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்னொரு தவறான மருந்தில் போய் விழுந்திருப்பேன்.

சரி, இந்தக் கட்டி ஆறும். அடுத்தது ஏன் வருகிறது? மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சாம்பிளில் பதில் இருந்தது. கிருமி என் மூக்கில் குடியிருந்தது. 100 பேரில் சுமார் 30 பேர் மூக்கில் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சத்தமில்லாமல் இருக்கிறது. எம்ஆர்எஸ்ஏ இருப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. மூக்கைத் தொட்ட கை, சவரத்தில் கீறிய தோலைத் தொட்டால் போதும். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அழுக்கானவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன். மகனைத் தூக்குவதையே நிறுத்திவிட்டேன். "புண்ணை மூடிக் கட்டுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அப்புறம் தாராளமா தூக்குங்க" என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அவனை இறக்கிவிடவே மனம் வரவில்லை.

மூக்கிலும் தோலிலும் இருக்கும் கிருமியை அகற்றும் சுத்திகரிப்பை ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்பதால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். 2% முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, இரு நாசியிலும் காலை மாலை, 5 நாள். 4% குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் கழுத்துக்குக் கீழே தினமும் குளியல். கண், காது, வாய்க்குள் படக்கூடாது. பூசியதும் கழுவாமல் இரண்டு நிமிடம் விட வேண்டும். முதல் நாள் அதன்மேல் வழக்கமான சோப்பையும் போட்டுவிட்டேன்; அப்படிச் செய்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஐந்து நாளும் ஆளுக்கொரு துண்டு, தினமும் புதிது. படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் சுடுநீரில் துவைத்து, ஈரமே இல்லாமல் காய வைத்தோம். பழைய ரேசர்களைத் தூக்கிப் போட்டேன். நகம் வெட்டி, கதவுப் பிடி, செல்போன் எல்லாம் துடைத்தோம். கூடவே சர்க்கரையும் பார்த்தார்கள், எனக்கு இல்லை.

நான்கு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு கழுத்தில், சவரம் செய்த இடத்தில், பட்டாணி அளவில் ஒன்று. அன்று நான் உட்கார்ந்து அழுதேன். ஆனால் இந்தத் தடவை பிதுக்கவில்லை. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, மூடிக் கட்டி, மறுநாளே டாக்டரிடம் போனேன். சின்னதாகக் கீறி எடுத்தார். ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. சுத்திகரிப்பை இன்னொரு சுற்று செய்தோம். முபிரோசினை நினைத்தபோதெல்லாம் பூசினால் கிருமி அதற்கும் பழகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதனால் அவர் சொல்லாமல் அந்த ட்யூபை நான் திறப்பதில்லை.

காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, மூக்கு, மேலுதட்டுப் பக்கம் கட்டி வந்தாலோ, கைக்குழந்தைக்கு வந்தாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள்.

கழுத்துக் கட்டிக்குப் பிறகு 11 மாதம் ஆகிறது. போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டைச் சர்ஜனிடம் முதலிலேயே காட்டினேன். மூக்கில் திரும்ப சாம்பிள் எடுத்தார்கள், கிருமி இல்லை என்று வந்தது. தையல் போட்ட இடமும் சுத்தமாக ஆறிவிட்டது. அந்த ரிப்போர்ட்டின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.