கடைசியாக வந்தவனுக்கே பரிசு

நம் பள்ளிப் பழைய மாணவர் மலர்க்குழுவிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, இந்த முறை விளையாட்டு நினைவு ஒன்று எழுதித் தாருங்கள்" என்றார். ஆளை மாற்றிக் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நம் பள்ளிக் கிரிக்கெட் அணிக்கு நான் செய்த சேவை, வேலிக்கு அப்பால் விழுந்த பந்தை அடுத்த வளவுக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்ததுதான். உதைபந்தாட்டத்தில் அதுவும் இல்லை. ஆனாலும் என் பெயரில் ஓர் இரண்டாம் பரிசு உண்டு. 1979ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டி, மெதுவான சைக்கிளோட்டம். பரிசு, மூடி போட்ட பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி. அந்தப் பெட்டி என்னோடு கொழும்பு வரை வந்தது; அதற்கப்பால் வரவில்லை.

இங்கே பிரித்தானியாவில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் விதியைச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்த ஒடுங்கிய பாதைகள். பாதைக்கு ஒருவர். காலை நிலத்தில் ஊன்றினால் வெளியே. பக்கத்துக் கோட்டைத் தொட்டால் வெளியே. எல்லைக் கோட்டுக்குக் கடைசியாக வருபவருக்கே முதற்பரிசு.

என்னை வென்றவன் என் வகுப்புத் தோழன். அன்றிலிருந்து அவனுக்கு 'ஆமை' என்று பெயர். சொந்தப் பெயரை இங்கே எழுதினால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது. தகப்பனாரின் பழைய ரலே சைக்கிளில் வருவான். பிரேக் கட்டைகள் தேய்ந்துபோய், தேய்ந்த செருப்பை வெட்டி அந்த இடத்தில் வைத்திருந்தான். போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் விளையாட்டு ஆசிரியரிடம் போய் நின்று, வாய்க்கால் பக்கத்து ஓரப்பாதையைத் தரும்படி கேட்பான். மழைத் தண்ணீர் வடிவதற்காக மைதானம் அந்தப் பக்கம் மட்டும் சற்றுச் சரிந்திருக்கும். ஏதோ ராசி பார்க்கிறான் என்றே நாங்கள் நினைத்தோம்.

இறுதிப் போட்டியில் ஆறு பேர். நான்கு பேர் சடசடவென்று காலை ஊன்றிவிட, அவனும் நானும் மிஞ்சினோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிரதம விருந்தினர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். அஞ்சலோட்டம் இன்னும் பாக்கி. ஒலிபெருக்கியில் யாரோ, "தம்பிமார், கொஞ்சம் கெதியாக மெதுவாக ஓடுங்கள்" என்று சொல்ல, மைதானமே சிரித்தது. எனக்கு ஒரே ஒரு கேள்வி: அவன் எங்கே நிற்கிறான்? எனக்குப் பின்னாலா, முன்னாலா? தலையைத் திருப்பினேன். திருப்பிய பக்கம் உடம்பு போயிற்று, உடம்பு போன பக்கம் கால் போயிற்று. ஆமை நான் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. முன்சில்லை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மிதியை அழுத்தியும் தளர்த்தியும் அப்படியே நின்றுகொண்டிருந்தான். "வென்றுவிட்டாய், இறங்கு" என்று ஆசிரியர் போய்த் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவன் செய்த வித்தை எனக்கு விளங்கியது. விளங்கிய இடம் லண்டன், ஸ்ட்ராட்ஃபோர்ட்.

2012 ஒலிம்பிக் டிக்கெட்டுகளுக்குக் குலுக்கல் முறை வைத்தார்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு மகன் விண்ணப்பித்தான்; கிடைக்கவில்லை. கிடைத்தது ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை மாலை, வெலோட்ரோம் என்னும் உள்ளரங்க சைக்கிள் மைதானத்துக்கு இரண்டு இருக்கைகள். எத்தனையோ வெள்ளைக்காரர் அந்த டிக்கெட்டுக்காகத் தவம் கிடந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சுமார் ஆறாயிரம் பேர் அமரும் மண்டபம். கூரை இரண்டு பக்கமும் வளைந்து உருளைக்கிழங்குச் சீவல் போல இருப்பதால் லண்டன்காரர் அதற்குப் 'பிரிங்கிள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே 250 மீட்டர் சுற்றளவில் சைபீரியப் பைன் மரப்பாதை. வளைவுகளில் அது 42 பாகை சரிந்து நிற்கிறது. முதலில் பார்த்தபோது, இதில் சைக்கிள் ஓட்டுவதா அல்லது பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதா என்று தோன்றியது.

உள்ளே நல்ல வெக்கை. குளிர்சாதனம் பழுதோ என்று மகனிடம் கேட்டேன். வேண்டுமென்றே 28 பாகை அளவுக்குச் சூடேற்றுகிறார்களாம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கிழித்துக்கொண்டு போவது எளிது என்றான். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலை இவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள். நாம் அதற்குள் இருந்துகொண்டு மரநிழல் தேடினோம்.

அன்று ஆண்கள் ஸ்பிரிண்ட் அரையிறுதியும் இறுதியும். இது மூன்று சுற்று, 750 மீட்டர்; கடைசி 200 மீட்டருக்கு மட்டுமே நேரம் கணிப்பார்கள். இருவர் மோதுவார்கள், மூன்றில் இரண்டு ஓட்டம் வெல்ல வேண்டும். சைக்கிளில் பிரேக் இல்லை, ஃபிரீவீலும் இல்லை. சில்லு சுற்றும் வரை மிதியும் சுற்றும். சீட்டுக் குலுக்கலில் உட்பக்கம் விழுந்தவர் முன்னால் போக வேண்டும். முன்னால் போக யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் இந்த விளையாட்டின் முடிச்சு. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னால் போகிறவன் நெஞ்சால் காற்றை உடைப்பான்; பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு போகிறவன் கதை பேசிக்கொண்டு வருவான். மண்டைதீவுச் சந்தி கண்ணுக்குத் தெரிந்ததும் அவனே முந்திக்கொண்டு போவான். நான் எப்போதும் முன்னால் போகிறவனாகவே இருந்திருக்கிறேன்.

ஆகவே உலகத்தின் மிக வேகமான சைக்கிள்காரர் இருவர் மேடையேறி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தார்கள். முன்னால் செல்பவரின் கழுத்து முழுக்கப் பின்னோக்கித் திரும்பியிருந்தது. மேலே ஏறுவதும், கீழே சரிவதும், ஏய்ப்பதும். ஒரு சுற்று முழுக்க இப்படி. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணி பொறுமை இழந்து சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார். நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த விளையாட்டு இது! பின்னால் திரும்பிப் பார்த்ததால் சவர்க்காரப் பெட்டியோடு வீடு போனவன் நான். இவர்களோ திரும்பிப் பார்த்தபடியே, ஒரு மயிரிழை தள்ளாடாமல், 42 பாகைச் சரிவில் போகிறார்கள்.

முன்சில்லை மேட்டுப் பக்கம் திருப்பி, சரிவு பின்னே தள்ள, மிதி முன்னே தள்ள, இரண்டையும் சமன் செய்து அசையாமல் நிற்பதும் இந்த விளையாட்டின் பழைய கலை. மகன் அதைச் சொன்னபோதுதான் வாய்க்கால் பக்கத்து ஓரப்பாதை நினைவுக்கு வந்தது. ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கள்ளன் சரிவைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

அந்தக் கலையின் மகாவித்துவான்கள் இத்தாலியர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் ஜியோவன்னி பெட்டனெல்லாவும் பிரான்சின் பியேர் திரெந்தினும் ஏறக்குறைய 22 நிமிடம் நின்றார்கள். பெட்டனெல்லா அந்த முறை தங்கமும் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து இத்தாலியின் வரேசேயில் அவரும் செர்ஜியோ பியாங்கெட்டோவும் ஒரு மணி மூன்று நிமிடம் நின்றிருக்கிறார்கள். நம் பிரதம விருந்தினர் அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். இப்போது 30 விநாடிக்கு மேல் நிற்க விடுவதில்லை. பற்சக்கரங்களும் பெரிதாகிவிட்டதால் தூரத்திலிருந்தே வேகம் எடுக்கிறார்கள், நிற்பது அருகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான்.

இறுதிப் போட்டி பிரித்தானியாவின் ஜேசன் கென்னிக்கும் பிரான்சின் கிரெகோரி போஜேக்கும். போல்டனைச் சேர்ந்த கென்னிக்கு அப்போது 24 வயது. 2008 பெய்ஜிங்கில் இதே போட்டியின் இறுதியில் தன் நாட்டவரான கிறிஸ் ஹோயிடம் தோற்று வெள்ளி பெற்றவர். லண்டனில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் என்று விதி மாறியதால் நடப்புச் சாம்பியன் ஹோய்க்கே இடமில்லை, கென்னியைத் தேர்ந்தார்கள். பட்டத்தை வைத்திருப்பவர் அதைக் காக்க வர முடியாத விதி என்ன விதி? மற்ற நாடுகளுக்கு வழிவிடுவதற்காக என்றார்கள். நம் பள்ளியில்கூட இல்லத்துக்கு இருவரை விட்டார்கள். 2016 ரியோவில் மறுபடி இருவரை அனுமதித்தார்கள். உடனே இறுதிக்கு வந்தவர்கள் கென்னியும் இன்னொரு பிரித்தானியரான கேலம் ஸ்கின்னரும்.

போஜே சாதாரண ஆள் இல்லை. அந்த ஏப்ரலில்தான் மெல்போர்ன் உலகச் சாம்பியன் போட்டி இறுதியில் கென்னியை வீழ்த்தியிருந்தார். ஆனால் ஆகஸ்ட் 4 தகுதிச் சுற்றில் கென்னி 200 மீட்டரை 9.713 விநாடியில் கடந்து ஒலிம்பிக் சாதனை வைத்துவிட்டார். மணிக்கு 74 கிலோமீட்டர்.

இறுதி ஓட்டத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். மெதுவான பகுதியை முழுமையாகப் பார்த்தேன். கடைசிச் சுற்று மணி அடித்ததும் முன்வரிசைக்காரர் எழுந்து, கட்டில் விரிப்பு அளவு கொடி ஒன்றை இரு கையாலும் விரித்துப் பிடித்தார். அதன் பின் எனக்குத் தெரிந்தது சிவப்பும் வெள்ளையும் நீலமும். கூரை இடிந்து விழுவது போல ஓர் ஆரவாரம்; அதிலிருந்து விஷயத்தை விளங்கிக்கொண்டேன். இரண்டாவது ஓட்டத்திலும் அதே மனிதர், அதே கொடி. இரண்டுக்குப் பூச்சியம், கென்னிக்குத் தங்கம். அவ்வளவு காசு கொடுத்து உலகின் வேகமான மனிதர்களைப் பார்க்கப் போய், அவர்கள் மெதுவாகப் போனதை மட்டும் பார்த்து வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

இரவு வீடு வந்து சேருமுன் ஆமையின் அழைப்பு. அவன் பாரிசுக்குப் பக்கத்தில் லா குர்னேவில் இருக்கிறான். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் இருந்தான்.

"உங்கள் ஆளுக்குச் சொந்த வளவு, சொந்தச் சனம். எங்கள் ஆள் என்ன செய்வான்?"

"நீ எப்போது பிரெஞ்சுக்காரன் ஆனாய்?"

"1991இல். கடவுச்சீட்டைக் காட்டவா?"

போஜேயின் 2011 உலகப் பட்டம் பறிக்கப்பட்டுக் கென்னிக்குப் போனதை நான் கிளறினேன். ஊக்கமருந்து அகப்பட்டதால் அல்ல, சோதனையாளர்களுக்கு இருப்பிடம் அறிவிக்கும் விதியைத் தவறவிட்டதால் என்று அவன் என்னைத் திருத்தினான். அவன் சொன்னது சரி. அடுத்த நாள் செய்தியில் வந்த ஒன்று எங்கள் இருவருக்கும் பிடித்தது. செய்தியாளர் கூட்டத்தில் போஜே கேள்விகளுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கென்னியிடமே திரும்பி, எப்படித் தயார் செய்தாய், மெல்போர்னுக்கும் இதற்கும் நடுவில் என்ன செய்தாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டாராம். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நானும் அன்றிரவு அதையே செய்தேன். "வாய்க்கால் பக்கத்தை ஏன் கேட்டாய்?" என்றேன். தொலைபேசியில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

2024இல் அவன் முறை. ஆகஸ்ட் 7, சான் கந்தான் ஆன் இவ்லின் வெலோட்ரோம். ஆமைக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு. ரயில் நிலையத்திலிருந்து நடந்த நடையைப் பார்த்தவர்கள் மெதுவோட்டம் என்றே நினைத்திருப்பார்கள். தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ரிச்சர்ட்சன் 9.091 விநாடியில் உலக சாதனை வைத்தார். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசென் 9.088 என்று அதை உடைத்தார். ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் வித்தியாசம்! சவர்க்காரப் பெட்டி வாங்கியவன் என்ற முறையில் ரிச்சர்ட்சனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து இறுதியிலும் லாவ்ரைசென்தான் வென்றார். வெண்கலம் வாங்கிய பிரித்தானியர் ஜாக் கார்லினுக்கு அப்போது பயிற்றுநராக இருந்தவர் யாரென்றால், ஏழு ஒலிம்பிக் தங்கத்தோடு ஓய்வு பெற்ற அதே ஜேசன் கென்னி.

விளையாட்டு முடிந்து சில நாட்களில் ரிச்சர்ட்சன் பிரித்தானியாவுக்கு மாறிவிட்டார். பிறந்தது கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோனில். ஒன்பது வயதில் ஆஸ்திரேலியா போனவராம். ஆஸ்திரேலியர்கள் கோபித்தார்கள். ஆமை மட்டும், "பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகிறான், அதில் என்ன குற்றம்? நம்மால் முடிந்ததா?" என்றான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் பேச்சை மாற்றினேன். அந்தப் பையன் 2025 ஆகஸ்டில் துருக்கியின் கொன்யாவில் 8.857 ஓட்டி, ஒன்பது விநாடி என்ற சுவரையே உடைத்துவிட்டான்.

எதற்கு இவ்வளவும் எழுதினேன் என்றால், வரும் கோடைகால ஒன்றுகூடலில் மூத்தவர்களுக்கு மெதுவான சைக்கிளோட்டம் வைக்கலாமா என்று செயற்குழுவில் ஒரு பேச்சு இருக்கிறது. ஆமை பாரிசிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பாதைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். முதல் நாளே அவன் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருவான். நிலம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.