சீனியர் டைப்ரைட்டிங்: ஸ்டேட்மெண்ட்டை எண்ணி அடிங்க

ரிசல்ட் வந்தாச்சு. அரசு டைப்ரைட்டிங் பரீட்சையில் இங்கிலீஷ் சீனியர், டிஸ்டிங்ஷன். அப்பாடா!

குன்னூரில் நான் படித்த இன்ஸ்டிடியூட்டில் நிமிஷத்துக்கு 45 வார்த்தை, 45 வார்த்தை என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஸ்பீடு தானாக வரும். மார்க் கரைவது இரண்டாம் தாளில், அதுவும் ஸ்டேட்மெண்ட்டில், அதாவது விவரங்களைக் கட்டம் கட்டமாக அட்டவணையாக அடிப்பதில். அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்ற கடுப்பு இன்னும் இருக்கிறது.

மெஷினில் ஒல்லி ‘ஐ’யும் குண்டு ‘எம்’மும் ஒரே அகலம். பைக்கா மெஷின் என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்றால் 12. அதனால் பேப்பரைச் சொருகும் முன்பே மொத்தக் கட்டத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

வரிக்கு 80 இடம், நாலு காலம் (மேலிருந்து கீழாக வரும் பத்தி) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலத்திலும் நீளமான பதிவை எண்ணுங்கள்: 4, 22, 12, 10. கூட்டினால் 48, மீதி 32. இரண்டு ஓரத்துக்கும் பத்துப் பத்து போனால் 12, மூன்று இடைவெளிக்கும் நாலு நாலு. மார்ஜின் 10, டேப் (அடுத்த காலம் தொடங்கும் இடத்தில் கேரியேஜை நிறுத்தும் குறி) 18, 44, 60. இதைப் பென்சிலில் குறித்துக்கொண்டு அடித்தால் எண்கள் வரிசை பிசகாது. தலைப்புக்கு நடு ஸ்கேலில் 40. அங்கிருந்து இரண்டு எழுத்துக்கு ஒரு பேக்ஸ்பேஸ்.

வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் லேப்டாப்பில் ஸ்பேஸ் மோனோ ஃபான்ட் போட்டுப் பழகுங்கள். 2016இல் கொலோஃபான் ஃபவுண்ட்ரி என்ற எழுத்துரு நிறுவனம் வடிவமைத்தது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். வட்டமும் நேர்கோடுமான எழுத்து. ‘ஐ’க்கு அடியில் பட்டை போட்டு அகலப்படுத்தி, ‘எம்’மை நெருக்கி ஒரே கட்டத்தில் அடைத்திருப்பார்கள். காலம் ஒரு இடம் நகர்ந்தாலும் பளிச்சென்று தெரியும். புரோகிராம் எழுதுபவர்கள் இந்த வகை ஃபான்ட்டை விரும்புவதும் இதனால்தான். ஆனால் 1960களின் தலைப்பு எழுத்துச் சாயல் அதில் தூக்கல். நீளமான பேசேஜுக்குக் கண் வலிக்கும். அதற்கு கூரியர் நியூ, 12 பாயின்ட். அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்து, பைக்கா கணக்கேதான்.

பிப்ரவரி பேட்ச்சில் பரீட்சை எழுதுபவர்களுக்கு:
- ஊட்டிக் குளிரில் விரல் மரத்துப்போகும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்வெட்டர் கையை மடித்துவிடுங்கள், கீயில் உரசும்.
- எண்ணெய் இறுகினால் டைப்பார் (எழுத்தை அடிக்கும் கம்பி) மெதுவாகத் திரும்பும். முந்தின நாளே துடைக்கச் சொல்லுங்கள்.
- பரீட்சை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வேன் குலுக்கிய மெஷினில் பழைய டேப்பை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வையுங்கள்.

கூட்டமாகச் சேர்ந்து பழகுவது எனக்கு ஒத்துவராது; மூலை மெஷின்தான். கலகலப்பானவர்கள் உங்கள் இஷ்டம்.

தமிழ் சீனியர் எழுதுபவர்களுக்கு ஸ்பேஸ் மோனோ உதவாது, அதில் தமிழே இல்லை. கணக்கும் வேறு: புள்ளிச் சாவி கேரியேஜை நகர்த்தாது. ‘பட்டம்’ 6 ஸ்ட்ரோக், ஆனால் 4 இடம். ஸ்பீடுக்கு ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள், ஸ்டேட்மெண்ட்டுக்கு இடத்தை எண்ணுங்கள்.