மேஸ்திரி கட்டாத சுவர்

"ஏனுங்க தம்பி, இந்தச் சுவரு பீமுக்கு ஊடாலயே மேல போகுதுங்களா?"

கோவையில் ஒரு சைட்டில், டேப்லெட்டில் நான் காட்டிய, கட்டடத்தின் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனைப் பார்த்துவிட்டு மேஸ்திரி கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட்டும் மேலே 4 மாடியும் உள்ள அபார்ட்மெண்ட், ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் முழுக்க நான் வரைந்தது. வெளிச்சுவரை முதல் மாடித் தளத்தில் தொடங்கி மொட்டைமாடி வரைக்கும் ஒரே சுவராக இழுத்து விட்டிருந்தேன். சுவரின் அடி நிற்கும் மட்டமான பேஸ் கன்ஸ்ட்ரெயின்ட் முதல் மாடி, தலை முடியும் மட்டமான டாப் கன்ஸ்ட்ரெயின்ட் மொட்டைமாடி, அவ்வளவுதான் வேலை. த்ரீடியில் பார்க்க வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தது.

அப்படிச் செய்ததற்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய வீட்டில் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாகத்தான் சுவர் போட்டேன், ஆனால் மேல்பக்கத்தை எந்த லெவலோடும் (மாடி மட்டத்தைக் குறிக்கும் கோடு) இணைக்காமல் அன்கனெக்டட் என்று விட்டு, உயரம் 3000 மி.மீ. என டைப் செய்திருந்தேன். ஃபால்ஸ் சீலிங் வேண்டும், உயரத்தைக் கூட்டுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்க, லெவலை 3000-லிருந்து 3150 ஆக்கினேன். தளமெல்லாம் மேலே ஏறியது, சுவர் மட்டும் அப்படியே நின்றது, ஒவ்வொரு மாடியிலும் சுவருக்கு மேல் 150 மி.மீ. இடைவெளி. ஜன்னல் வழியாக இல்லாமல் சுவருக்கு மேலாகவே காற்று வரும் வீடு. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன். சூடு கண்ட பூனையாக அடுத்த வேலையில் மாடிக்கு மாடி சுவரே வேண்டாம், ஒரே சுவர் போதும் என்று முடிவெடுத்துவிட்டேன். தப்பு சுவரைப் பிரித்ததில் இல்லை, மேல்பக்கத்தை லெவலோடு இணைக்காமல் விட்டதில்தான் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரி கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் கட்டடங்களில் பாரத்தைத் தாங்குவது தூணும் பீமும். ஒன்பது இஞ்ச் சுவர், அதாவது 230 மி.மீ., தளத்தின் மேல் தொடங்கி அடுத்த பீமின் அடியில் முடிந்துவிடும். பீமின் ஆழம் 450 மி.மீ. வெளிச்சுற்றளவு 60 மீட்டர் என்று வைத்தால் 60 × 0.23 × 0.45, ஒரு மாடிக்கு 6.21 கன மீட்டர். நாலு மாடிக்கு ஏறக்குறைய 25 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்குக் குத்துமதிப்பாக 500 செங்கல் என்றால் 12,000-க்கும் மேல். யாருமே கட்டப்போகாத சுவருக்கு இத்தனை செங்கல், ரெவிட் தானாகப் போடும் அளவுப் பட்டியலான என் ஷெட்யூலில். அதே இடத்தில் பீமின் கான்கிரீட்டும் தனியாக எண்ணப்பட்டிருந்தது. தூண்களையும் சுவர் விழுங்கியிருந்தது, அந்தக் கணக்கை நான் போடவே இல்லை, வயிறு கலங்கியதே போதும் என்று.

இரண்டு பொருளை இணைக்கும் ஜாயின் ஜியாமெட்ரி கட்டளையைப் போட்டால் பீமின் இடம் சுவரில் கழிந்துவிடுமே என்று கேட்பீர்கள். கழியும், எது எதை வெட்டுகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்துச் சரி செய்தால். அதைப் பண்ணினாலும் மற்ற தொல்லைகள் போகாது. எனக்கு நாலாவது மாடியில் மட்டும் ஒரு பக்கச் சுவரை 1200 மி.மீ. உள்ளே தள்ளச் சொன்னார்கள். சுவரைப் பிடித்து இழுத்தால் நாலு மாடியும் சேர்ந்து வருகிறது! சுவரின் வடிவத்தைத் திருத்தும் எடிட் புரொஃபைலில் போய் மேல்பகுதியை வெட்டிவிட்டு அங்கே புதுச் சுவர் வைத்தேன். பிறகு மூன்றாம் மாடியில் மட்டும் செங்கல்லுக்குப் பதில் ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) என்றார்கள். ஒரே சுவருக்கு ஒரே டைப்தானே, என்ன செய்வது? இதற்கிடையில் ஒரு முறை சுவரைத் தவறுதலாக டெலீட் செய்து நாலு மாடி ஜன்னலையும் ஒரே நொடியில் காணாமல் அடித்தேன். அன்டூ என்று ஒன்று இல்லையென்றால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன்.

கடைசியில் எலிவேஷனில் (நேர்முகப் பார்வை) நின்று ஸ்ப்ளிட் எலிமெண்ட் என்ற வெட்டும் கருவியை வைத்துக் குறுக்கே அறுத்தேன். அது படுக்கைவாக்கிலும் வெட்டும், நிறைய பேர் பிளானில் மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். வெட்டியதோடு வேலை முடியாது, துண்டுகள் எந்த லெவலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து பேஸ், டாப் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது நான் போடும் முறை இதுதான். சுவரின் கீழ்ப்பக்கம் அந்த மாடி லெவல், மேல்பக்கம் அடுத்த மாடி லெவல், டாப் ஆஃப்செட் மைனஸ் 450, அதாவது அந்த லெவலுக்கு 450 மி.மீ. கீழேயே சுவர் முடியும். பீம் 600 ஆக இருக்கும் இடத்தில் மைனஸ் 600. உயரம் என்று ஒரு எண்ணைக் கையால் அடிப்பதே இல்லை, அதனால் லெவல் ஏறினால் சுவரும் கூடவே ஏறும். அட்டாச் டாப் போட்டால் சுவர் கூரையையும் தளத்தையும் பிடித்துக்கொள்ளும், பீமைப் பிடிக்காது, அதனால் பீமுக்கு ஆஃப்செட்தான் வழி. இதெல்லாம் லெவல் என்பது தளக் கான்கிரீட்டின் மேல்மட்டம் என்றால் மட்டும் சரி. உங்கள் ஆபீஸில் டைல்ஸ் போட்டு முடித்த மட்டத்தை லெவலாக வைத்திருந்தால், நடுவில் இருக்கும் 75 மி.மீ.யோ எவ்வளவோ, அதையும் கீழே மேலே இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் டைல்ஸ் மேல் நிற்கும்.

ஒரு மாடியை முடித்துவிட்டு மற்றதுக்கு நகல் எடுக்க பேஸ்ட்டில் அலைன்ட் டு செலக்டட் லெவல்ஸ். ஜன்னல், கதவையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஒட்டிய பிறகு கடைசி மாடிச் சுவர்களின் டாப் கன்ஸ்ட்ரெயின்ட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். அப்புறம் ஒரே மாடியில் இரண்டு தடவை ஒட்டிவிட்டால் ஒரே இடத்தில் ஒரே பொருள் இரண்டு இருக்கிறது, ஷெட்யூலில் இரட்டிப்பாக வரும் என்று ரெவிட்டே எச்சரிக்கும். அந்த மஞ்சள் பெட்டியைப் படிக்காமல் மூடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

வெளிப்பூச்சு மட்டும் வேறு கதை. பூச்சு வேலைக்காரர் சாரம் கட்டி மேலிருந்து பூசிக்கொண்டே வருவார், பீம், சுவர், தூண் என்று பிரித்துப் பார்க்க மாட்டார். அதனால் பூச்சை மெல்லிய தனிச் சுவராக வைத்து, கீழிருந்து கைப்பிடிச் சுவர் வரை ஒரே துண்டாக விடுகிறேன். இதில் மட்டும் என் பழைய சோம்பேறித்தனம் செல்லுபடியாகிறது. அதைப் பின்னால் இருக்கும் கட்டுச் சுவரோடு ஜாயின் செய்தால் ஜன்னல் இரண்டையும் சேர்த்து வெட்டும். சுவரை அறையின் எல்லையாக எடுத்துக்கொள்ளும் ரூம் பவுண்டிங் டிக்கை எடுத்துவிடுகிறேன், அறையின் அளவில் அது மூக்கை நுழைக்கக் கூடாது.

கான்செப்ட் கட்டத்தில், வெறும் உருவம் காட்டத்தான் என்றால், ஒரே சுவராகவே இழுங்கள், ஒன்றும் குடி முழுகாது. லிஃப்ட் கான்கிரீட் சுவர் பார்ப்பதற்கு ஒரே குழாய் மாதிரி இருந்தாலும் மாடிக்கு மாடிதான் வார்ப்பார்கள், அதனால் அதையும் நான் மாடிவாரியாகவே பிரிக்கிறேன்.

இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது படிக்கட்டுச் சுவர்தான். நடு லேண்டிங்கில் ஒரு பீம் வருகிறது, அங்கே எந்த லெவலும் இல்லை. அதற்காக ஒரு லெவலை உருவாக்கினால் எலிவேஷன் எங்கும் அதன் கோடு வந்து நிற்கிறது, ஒவ்வொரு வியூவிலும் மறைக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு கீழ்த் துண்டுக்கும் மேல் துண்டுக்கும் ஆஃப்செட் போட்டுச் சமாளிக்கிறேன். மாடி உயரம் மாறினால் அந்தச் சுவர் மட்டும் என்னைத் திரும்பக் கூப்பிடும்.

மேஸ்திரியிடம் திருத்திய செக்‌ஷனைக் காட்டினேன். "இப்பச் சரிங்க" என்றார், பிறகு சன்ஷேட் எங்கே என்று கேட்டார். அதை நான் வரையவே இல்லை.