சிவப்பு பெயின்ட்டை நம்பாதே: இமோலா பைக் சந்தையும் மண்டெல்லோ கருவாடும்

இத்தாலியின் இமோலா ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் ரேஸ் டிராக் வரை போக 25 யூரோ கேட்டார். தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர். மீட்டரைக் கையால் காட்டினால், இன்றைக்குச் சந்தை நாள் என்று தோளைக் குலுக்குகிறார். நம்ம கணக்கில் 2,500 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கே டாக்ஸி பிடிக்கலாம். நடந்தோம். ஊருக்கு நடுவே நல்ல தெரு, அப்புறம் சான்டெர்னோ ஆறு, பாலம், அதைத் தாண்டினால் டிராக். அரை மணி நேரம்தான். கால் நல்லா இருக்கிற யாரும் அந்த வாசலில் டாக்ஸி ஏறாதீர்கள்.

செலவு, வழி, தங்குமிடம், சந்தை என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். சந்தையைப் பற்றி நினைத்தாலே வரிசை போய்விடுகிறது. தங்குமிடத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் இந்தப் பழைய பைக், ஸ்பேர் பார்ட்ஸ் சந்தை நடக்கும் வார இறுதியில் இமோலாவில் ரூம் விலை கன்னாபின்னாவென்று ஏறும். பொலோன்யாவும் மலிவில்லை. நாங்கள் அடுத்த ஊரான ஃபயன்சாவில் தங்கி லோக்கல் ரயிலில் வந்துபோனோம். சின்ன ஊர், கால் மணி நேர ரயில், ரூம் வாடகையும் நியாயம்.

ஃபார்முலா ஒன் ஓடின அதே டிராக்கில்தான் சந்தை. தார் ரோட்டின் ஓரமாகக் கடைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கடை என்றால் ஒரு வேன், ஒரு தார்ப்பாய், மடக்கு நாற்காலியில் ஒரு தாத்தா, அவர் பக்கத்தில் ஒயின் பாட்டில். தார்ப்பாயில் டெல்லோர்ட்டோ கார்புரேட்டர் குவியல், வேலியா ஸ்பீடோமீட்டர்கள், கை முத்திரை குத்திய பொரானி அலுமினிய ரிம்கள், நசுங்கிய டேங்குகள். மோட்டோ குட்ஸி, டுகாட்டி, ஜிலேரா, லவெர்டா, பெனெல்லி, எம்.வி. அகுஸ்தா என்று இத்தாலி கட்டின பைக் எல்லாம் துண்டு துண்டாக அங்கே கிடக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

கூட வந்த நண்பன் மோடெனாவில் வேலை பார்க்கிறான், சொந்த ஊர் பொள்ளாச்சி. அவனுக்கு ஒரு பழைய குட்ஸி வேண்டும். கனவு வி7 ஸ்போர்ட். பட்ஜெட் அந்தக் கனவில் பாதி.

நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே வி7 ஸ்போர்ட் ஒன்று கண்ணில் பட்டது. பச்சை டேங்க், சிவப்பு ஃபிரேம். 1971-இல் இந்த மாடலை ஆரம்பித்தபோது குரோம்-மாலிப்டினம் ஸ்டீல் ஃபிரேமில் சிவப்பு பெயின்ட் அடித்துக் கொஞ்சம் வண்டிகளைக் கட்டினார்கள். இத்தாலிக்காரர்கள் அதைத் ‘தெலாயோ ரோஸ்ஸோ’ என்பார்கள், சிவப்பு ஃபிரேம் என்று அர்த்தம். அந்தப் பெயரைச் சொன்னாலே விலை எங்கேயோ போகும். விற்கிறவர் மூன்று முறை சொன்னார்.

நண்பன் ஒன்றும் பேசாமல் குனிந்து, ஹேண்டில் தலைப்பகுதியில் கேபிளைப் பிடிக்கும் கிளிப்பை விரலால் நகர்த்தினான். கிளிப் உரசின இடத்தில் சிவப்பு தேய்ந்து, அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தது. கறுப்பு என்றால் பழைய கறுப்பு, பிசினாக இறுகினது. சிவப்பு பிறகு அடித்தது. பிறகு ஃபிரேம் நம்பரைத் தடவினான். வி.கே. என்ற முன்னெழுத்து சரிதான், வி7 ஸ்போர்ட்டுக்கு அதுதான். ஆனால் எண்களைச் சுற்றி உலோகம் வழவழவென்று கொஞ்சம் பள்ளமாக இருந்தது. பழைய நம்பரை அழிக்கக் கிரைண்டர் போன இடம் அப்படித்தான் இருக்கும்.

“மாப்ள, வா, அடுத்த கடை பார்ப்போம்.” அவ்வளவுதான் பேச்சு.

பழைய இத்தாலி வண்டியை அடையாளம் பார்ப்பதில் முக்கால்வாசி இந்தத் தடவல்தான். அந்தக் காலத்து வண்டிகளில் ஃபிரேம் நம்பர் பக்கத்திலேயே டி.ஜி.எம். என்று ஒரு முத்திரை, அதன்பின் ஓர் எண், கடைசியில் ஓ.எம். என்று இருக்கும். அது இத்தாலிய மோட்டார் வாகனத் துறை அந்த மாடலுக்குத் தந்த அனுமதி எண். வண்டிக்கு வண்டி மாறாது, மாடலுக்கு ஒன்று. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் ஒரு மாடல் இருந்து, ஃபிரேமில் வேறு மாடலின் டி.ஜி.எம். எண் இருந்தால், அது எங்கேயோ வெட்டி ஒட்டின கதை. இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒன்றாக இல்லையே என்று சிலர் பயந்து ஓடுகிறார்கள். அந்தக் காலத்து டுகாட்டியிலும் குட்ஸியிலும் இரண்டும் தனித்தனி வரிசை. ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டுகாட்டி பக்கம் போலிகள் இன்னும் மோசம். காரணம் இதே டிராக்தான். 1972 ஏப்ரல் 23 அன்று இங்கே நடந்த 200 மைல் ரேஸில் பால் ஸ்மார்ட் முதலிடம், புரூனோ ஸ்பஜியாரி இரண்டாமிடம், இரண்டு பேரும் டுகாட்டி 750-இல். எம்.வி.-யில் வந்த அகஸ்தினி பாதியிலேயே நின்றுவிட்டார். அந்த ரேஸ் வண்டிகளின் ஃபிரேம் ரோட்டு வண்டியின் ஃபிரேம்தான், சென்டர் ஸ்டாண்டு மாட்டும் காதுகள்கூட வெட்டப்படாமல் இருந்தன. அந்த வெற்றியைக் காசாக்க 1974-இல் டுகாட்டி கட்டின பச்சை ஃபிரேம் 750 சூப்பர் ஸ்போர்ட் மொத்தம் நானூற்றுச் சொச்சம்தான். உலகத்தில் இன்று அதைவிட அதிகம் ஓடுகிறது என்று டுகாட்டி ஆட்களே சிரிக்கிறார்கள். சாதாரண 750 ஜி.டி. ஃபிரேமுக்குப் பச்சை அடிப்பது பெரிய வித்தையா? டுகாட்டி இன்ஜினியர் ஃபேபியோ தாலியோனியின் டெஸ்மோ வால்வு, அதாவது ஸ்பிரிங்கை நம்பாமல் நெம்புகோலே மூடும் வால்வு, உள்ளே இருக்கிறதா என்று ஹெட்டைத் திறக்காமல் யாருக்குத் தெரியும்?

பெவல் கியர் டுகாட்டி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. இன்ஜின் ஓரமாகக் குழாய்க்குள் ஷாஃப்ட் ஏறிப் போய் கேமைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அந்தப் பல்சக்கரங்களுக்கு இடையே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளி சரிசெய்வது நுணுக்கமான வேலை. கிராங்க் ரோலர் பேரிங்கில் ஓடுவதால், போனால் மொத்தமாகப் பிரித்துப் பிரஸ்ஸில் போட வேண்டும். அதற்கு ஆகும் காசைக் கேட்டுவிட்டு வண்டி விலையைக் கேளுங்கள்.

மதியம் பியாதினா. இரும்புத் தட்டில் சுட்ட மைதா ரொட்டி, உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற குழைந்த சீஸ், மேலே ஒரு கைப்பிடி கீரை. டிராக் ஓரத்துக் கடையில் வரிசையில் நின்று வாங்கினது. ஆறு யூரோ. இந்தப் பயணத்தில் முழு மனதோடு கொடுத்த முதல் காசு.

வெயில் இறங்கும்போதுதான் எங்கள் வண்டி கிடைத்தது. குட்ஸி 850 டி3. அழுக்கு. சீட் கிழிந்திருக்கிறது, டேங்கில் பெயின்ட் உரிந்திருக்கிறது. ஆனால் போல்ட் தலை ஒன்றுகூட வழுக்கியிருக்கவில்லை, ஃபிரேம் நம்பர் தொழிற்சாலை குத்தினபடியே, பக்கத்தில் டி.ஜி.எம். முத்திரை, முதல் நம்பர் பிளேட், முதல் ஆர்.சி. பளபளவென்று நிற்கிற வண்டி எதையோ மறைக்கிறது. அழுக்கு வண்டிக்கு மறைக்கத் தெரியாது. அந்தச் சந்தையில் பஃபிங் போட்ட வண்டி ஒன்றைக்கூட நான் வாங்க மாட்டேன்.

கேட்ட விலை 7,500 யூரோ. நண்பன் பிளக்கைக் கழற்றி, போனில் மாட்டும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டான். 1970-களின் குட்ஸி சிலிண்டருக்குள் லைனர் கிடையாது, அலுமினியத்தின் மேல் குரோம் பூச்சு. பல வருஷம் ஓடாமல் கிடந்தால் அது பொருக்காக உரியும். உரிந்த குரோம் ஆயிலில் கலந்து பேரிங்கையும் தின்னும். முந்தைய மாடல்களில் ஆயிலுக்கு வெறும் கம்பி வலைதான். டி3-யில்தான், 1975-இல், மாற்றக்கூடிய ஃபில்டர் வந்தது. அதையும் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்கு உள்ளே வைத்த மகானுபாவன் யாரோ, ஃபில்டர் மாற்ற மொத்தச் சம்பையும் கழற்ற வேண்டும்.

திரையில் வலது சிலிண்டர் கண்ணாடி மாதிரி வழவழப்பு. இடதில் மேல் விளிம்பு ஓரமாக நகத்தளவுக்கு ஒரு வெளிறின திட்டு. நண்பன் போனை விற்கிறவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஒயின் ஊற்றிக் கொடுத்தார். குரோமுக்குப் பதில் நிகாசில் என்ற பூச்சு போட்ட புது சிலிண்டர் செட் விலையை வைத்து ஒரு மணி நேரப் பேரம். 6,400-க்கு முடிந்தது, ஒரு பெட்டி ஸ்பேர் பார்ட்ஸும் சேர்த்து. அதில் ‘ஜோடி’ என்று சொல்லித் தந்த கார்புரேட்டர்கள் இரண்டையும் புரட்டினால், இரண்டிலும் வி.எச்.பி. 30 சி.டி. கடைசி ‘டி’ வலது பக்கம், இடதுக்கு ‘எஸ்’ இருக்க வேண்டும். இரண்டு வலது கால் செருப்பு! காட்டினதும் தாத்தா சிரித்துக்கொண்டே வேனுக்குள் தேடி ஒரு ‘எஸ்’ எடுத்து வந்தார்.

சிலிண்டர் செட் வாங்க மண்டெல்லோ தெல் லாரியோ போனோம். கோமோ ஏரியின் லெக்கோ பக்கத்துக் கிளையில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற ஊர். 1921-இலிருந்து குட்ஸி இங்கேதான். லெக்கோவிலிருந்து ரயில் இல்லை, தண்டவாள வேலை, பதிலுக்குப் பஸ் என்றார்கள். அந்தப் பஸ் வந்ததே பெரிய விஷயம். பெட்டி வைக்கும் கதவை டிரைவர் திறக்கவே இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு நின்றபடியே போனோம். ஏரியைப் பார்த்தேனா? முன்னால் நின்றவரின் அக்குளைப் பார்த்தேன்.

பரோடி தெருவில் தொழிற்சாலையின் சிவப்பு கேட். உள்ளே மியூசியத்தில் 1955-இன் எட்டு சிலிண்டர் 500 சி.சி. ரேஸ் இன்ஜின், ஜூலியோ செசாரே கார்கானோ வடிவமைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு எட்டு சிலிண்டர்! மியூசியம் திறக்கும் நேரம் ரொம்பக் குறைவு, நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

சிலிண்டர் செய்யும் ஜிலார்தோனியும் இதே ஊர், சைலன்சர் செய்த லாஃப்ராங்கோனியும் இதே ஊர். ஒரு சந்துப் பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் வாடிக்கையாளர் வண்டிக்கு டேப்பெட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை, செய்துகொண்டிருந்தார். குட்ஸியில் இரண்டு ஹெட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டேங்கைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, 0.22 மில்லிமீட்டர் கேஜை விட்டு, லாக் நட்டை இறுக்கி, விரலால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். எங்களோடு பேசிக்கொண்டே ஒரு பக்கம் முடிந்தது. இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதுதான் பார்க்கணும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஆல்டர் செய்வது பற்றி அவரிடம் கேட்டோம். மாட்டினதைக் கழற்ற முடியும் என்றால் எதை வேண்டுமானாலும் மாட்டு, வெட்டாதே என்றார். எனக்கும் அதே கருத்து. பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், நிகாசில் சிலிண்டர், ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ், ஹெட்லைட்டுக்கு ரிலே எல்லாம் சரி. பின் ஃபிரேமை அறுத்துப் பலகை சீட் போட்டு ‘கஃபே ரேசர்’ என்று நிறுத்துகிறார்களே, இமோலாவில் அப்படி வரிசையாக நின்றன, சீண்ட ஆளில்லை. டி3-யின் மிதி பிரேக்கை மிதித்தால் பின் டிஸ்க்கோடு முன் டிஸ்க் ஒன்றும் சேர்ந்து பிடிக்கும். அதைப் பிரித்துவிடுவது இப்போது ஃபேஷன். முட்டாள்தனம். ஈர ரோட்டில் அதைவிட நல்ல பிரேக் அந்தக் காலத்தில் கிடையாது.

சாப்பாட்டுக்கு ஏரிக்கரைக் கடை. மிசோல்தீனி என்று போட்டிருந்தது, வாங்கினோம். அகோனே என்ற ஏரி மீனை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு டின்னில் அழுத்தி வைத்து, பிறகு சுட்டு வினிகர் தெளித்துத் தருகிறார்கள். தட்டு வந்ததும் நண்பன் மோந்து பார்த்துவிட்டுக் கத்தினான்: “டேய், கருவாடு!” கருவாடேதான். பக்கத்தில் மக்காச்சோளக் களி. பொள்ளாச்சிக்காரனும் நானும் இரண்டாவது தட்டும் வாங்கினோம். பில்லில் உட்கார்ந்ததற்குத் தலைக்கு மூன்று யூரோ போட்டிருந்தார்கள். கோப்பெர்த்தோ என்று இத்தாலியில் பல இடங்களில் இந்த வழிப்பறி உண்டு, ஆனால் இந்தக் கருவாட்டுக்காக மன்னிக்கலாம்.

சிலிண்டர் செட் விலையைச் சொன்னால் வீட்டில் படிப்பார்கள். லாஃப்ராங்கோனி சைலன்சர் ஒரு ஜோடி இன்னும் பாக்கி. மிலானின் லினாத்தே ஏர்போர்ட் பக்கம் நோவெக்ரோவில் இதே மாதிரி சந்தை வருஷத்துக்கு மூன்று தடவை நடக்கிறது, நவம்பரில் போகலாம் வாடா என்கிறான் நண்பன். டிக்கெட் காசை அவன் போட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.