தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு என்ன வைட்டமின் வேண்டும்? நான் தெரிந்துகொண்ட விதம்

இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரின் வாழ்நாள் மாத்திரையாகிவிட்டது. தினமும் 75 மில்லிகிராம். சில வருடங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது, மதியத்துக்குள் உடம்பு துவண்டுபோனது. இதயம்தான் மறுபடி படுத்துகிறதோ என்று பயந்தேன். இசிஜி, எக்கோ இரண்டும் நன்றாகவே இருந்தன.

விஷயம் தெரிந்ததும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆஸ்பிரின் வைட்டமின் சி-யைக் குறைக்குமாம், ஃபோலிக் அமிலத்தைக் குறைக்குமாம், வைட்டமின் ஈ இதயத்துக்கு நல்லதாம். அக்கா அக்கறையோடு சில புட்டிகளையே வாங்கி வந்துவிட்டார். ஒன்றையும் திறக்காமல், ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளோடும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போனேன். ஆஸ்பிரின் சாப்பிடும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்: பெயர்களை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், புட்டிகளையே கொண்டுபோங்கள். லேபிளின் பின்பக்கத்தில் இருக்கும் அளவுதான் அவருக்குத் தேவை.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 10.6. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பெண்களுக்கு 12. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தன. உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. பி12-ம் ஃபோலிக் அமிலமும் சரியாகவே இருந்தன. இத்தனை வைட்டமின் பேச்சுக்கும் நடுவில், உண்மையில் குறைந்திருந்தது வைட்டமினே அல்ல, இரும்பு.

"இரும்பு குறைஞ்சிருக்கு, சரி. அது எங்கே போகுதுன்னு பார்க்கணுமே" என்றார் டாக்டர். மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல் அவர் கேட்ட இந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை அன்று விளக்கினார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தேவையான காக்ஸ்-1 என்ற நொதியை அது நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணு ஏழிலிருந்து பத்து நாள் வரைதான் வாழும். முடங்கியது சாகும்வரை முடங்கியதுதான். அதனால்தான் இவ்வளவு சிறிய மாத்திரை இதயத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் அதே நொதிதான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டினையும் உண்டாக்குகிறது. பாதுகாப்பு குறைந்த சுவரில் சின்னச் சின்னப் புண்கள் வரலாம். அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். வலி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு இருக்கவில்லை. முதியவர்கள் 19,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆஸ்பிரீ ஆய்வின் ஓர் அலசல் 2023-ல் வெளிவந்தது. தினமும் 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட ரத்தசோகை வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பயந்த அளவுக்கு இல்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது. இரைப்பையில் அரிப்புகள் இருந்தன. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. ஆஸ்பிரினும் அந்தக் கிருமியும் சேர்ந்தால் புண் வரும் ஆபத்து கூடும். இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். பெருங்குடலையும் பார்த்துவிட்டார்கள், அங்கே கோளாறு இல்லை. ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. ஸ்டென்ட் உள்ளவர் அதைத் தானாக நிறுத்தினால் குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பதிலாக, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்.

அக்கா வாங்கித் தந்த புட்டிகளை அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தார். வைட்டமின் சி விஷயத்தில் உண்மை இருக்கிறது. ஆஸ்பிரின் அதிக அளவில் போகும்போது அந்த வைட்டமின் வெள்ளணுக்களுக்குள் போவது குறைகிறது, சிறுநீரில் வெளியேறுவது கூடுகிறது. ஃபோலிக் அமிலமும் அப்படித்தான்: மூட்டு வாதத்துக்காக நாளுக்குப் பல கிராம் சாப்பிட்டவர்களிடம்தான் அந்தக் குறைவு முக்கியமாகக் கவனிக்கப்பட்டது. 75 மில்லிகிராம் சாப்பிடும் எனக்குப் பழமும் காய்கறியுமே போதும் என்றார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்குள்தான், ஃபோலேட் 400 மைக்ரோகிராம்.

வைட்டமின் ஈ புட்டியை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தார். அதில் ஒரு மாத்திரை 400 யூனிட். அதிக அளவில் வைட்டமின் ஈ-யும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்யும். ஏற்கெனவே ரத்தம் கசியும் வயிற்றோடு அதைச் சேர்ப்பது எவ்வளவு ஆபத்து! மீன் எண்ணெய் மாத்திரை, ஜின்கோ என்ற மூலிகை போன்றவற்றையும் கேட்காமல் தொடக்கூடாது என்றார். முடிக்கான மாத்திரையில் இருந்த பயோட்டின் எனக்குப் புதுச் செய்தி: அது நிறைய இருந்தால் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை சில கருவிகளில் தவறாகக் குறைவு என்று காட்டிவிடலாம். இதய நோயாளிகள் எல்லோருக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

கீரை சாப்பிடலாமா என்றும் கேட்டேன். கீரையில் நிறைய இருக்கும் வைட்டமின் கே-யைக் கவனிக்க வேண்டியது வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள்தான். ஆஸ்பிரின் அந்த வழியில் வேலை செய்வதில்லை. ஆஸ்பிரினுக்குப் பயந்து கீரையை ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல உணவைக் காரணமே இல்லாமல் இழக்கிறார்கள்.

இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். ஒன்று உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, மறுநாள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடுகிறதாம். காபி, டீ, கால்சியம் மாத்திரை எதையும் அதனோடு சேர்க்கக்கூடாது. மலம் கருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் போகிறது என்பதன் அறிகுறி, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஹீமோகுளோபின் சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கியது. மூச்சு வாங்குவதும் நின்றது. ஃபெரிட்டின் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. சேமிப்பு நிறையும்வரை மாத்திரையைத் தொடரச் சொன்னார். அமில மாத்திரை வருடக்கணக்கில் போகும்போது பி12 குறையலாம், ஏனென்றால் உணவிலிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது இன்னும் குறையலாம். அதனால் என் வருடாந்திரப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டினோடு பி12-ம் இப்போது சேர்ந்திருக்கிறது.