ஒன்ராறியோ ஏரி ஏன் உறைவதில்லை?

ரொறன்ரோவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பல நாட்கள் இறங்கி நிற்கும் சனவரியிலும் ஒன்ராறியோ ஏரி அலையடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர்களுக்கு, இந்தக் குளிர் அதற்குப் போதவில்லை என்றே தோன்றும். ஆனால் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் மிகத் தெற்கே கிடக்கும் ஈரி ஏரிதான் பெரும்பாலான ஆண்டுகளில் மற்ற நான்கையும்விடக் கூடுதலாக உறைகிறது என்பதை அறிந்த பிறகு அந்த விளக்கம் நிற்காது. ஈரியின் சராசரி ஆழம் 19 மீற்றர். ஒன்ராறியோவினது 86 மீற்றர். வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நன்னீர் மிகவும் அடர்த்தியாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அந்த அளவை எட்டும்வரை, மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அதைவிடச் சற்றுச் சூடான நீர் அதன் இடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அதன் பிறகு மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கும். காற்றடங்கிய சிறு குளமாக இருந்தால் அந்த மெல்லிய அடுக்கு ஒரே இரவில் உறைந்துவிடக்கூடும். பேரேரியிலோ பலமாக வீசும் காற்று அதைத் தங்கவிடாமல் அடிநீரோடு கலந்துவிடுவதால், ஆழம் முழுவதிலும் உள்ள வெப்பத்தை இழந்த பிறகே ஏரி உறைய முடியும். ஈரியால் அது பெரும்பாலும் முடிகிறது. ஒன்ராறியோ அந்த நிலையை நெருங்குவதற்குள் வெயில் திரும்பிவிடுகிறது.

கரையில் நின்று பார்த்தாலே இது தெரியும். ஆழமற்ற குடாக்களும் ரொறன்ரோவின் உட்துறைமுகமும் உறைந்திருக்கும். அலை தெறிக்கும் பாறைகளிலும் செடிகளின் சுள்ளிகளிலும் கண்ணாடி போன்ற பனிக்கட்டி படிந்திருக்கும். அவற்றுக்கு அப்பால் திறந்த நீர் கருநீலமாக அசைந்துகொண்டிருக்கும்.

ஈரி நீர் நயாகரா ஆற்றில் இறங்கும் இடத்தில், நீர்மின் நிலையங்களின் நீரெடுப்பு வாயில்களைப் பனிக்கட்டி அடைத்துவிடாதபடி, மிதவைகளை வடங்களால் பிணைத்த ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் நீளத் தடுப்பு 1964 முதல் குளிர்காலந்தோறும் போடப்படுகிறது. ஈரியின் கிழக்கு முனையிலுள்ள பஃபலோ நகரில் ஏரி நீர் 4 பாகைக்கு இறங்கும்போது, அல்லது திசம்பர் 16 வந்ததும், அந்த வேலையைத் தொடங்கலாம் என்பது விதி. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஓர் எண் ஓர் ஆற்றின் நாட்காட்டியை நிர்ணயிப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆழம் மட்டுமே காரணமென்றால் 1642 மீற்றர் ஆழமுள்ள, சைபீரியாவின் பைக்கால் ஏரி உறையவே கூடாது. அதுவோ ஆண்டுதோறும் சனவரியில் மூடி மே மாதம் வரை கிடக்கிறது. சைபீரியக் குளிர் நீண்டதும் கடுமையானதும் என்பது ஒரு காரணம். மற்றது நுட்பமானது: அழுத்தம் கூடக்கூட நீர் மிக அடர்த்தியாகும் வெப்பநிலை 4 பாகையிலிருந்து குறைந்துகொண்டே போவதால், சில நூறு மீற்றருக்குக் கீழேயுள்ள நீர் பெரும்பாலும் இந்தக் கலப்பில் சேராமல், ஆண்டு முழுவதும் 3 பாகைக்குச் சற்று மேலேயே இருந்துவிடுகிறது. ஆகவே உறைவதற்கு முன் பைக்கால் குளிர்விக்க வேண்டியது அதன் மேற்பகுதியை மட்டுமே.

உறையாத ஏரி சும்மா இருப்பதில்லை. அதன்மேல் வீசும் குளிர்காற்று வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிச் சென்று எதிர்க்கரையில் பனியாகக் கொட்டுகிறது. ஈரி மூடியதும் பஃபலோவுக்கு அந்தப் பனி பெரிதும் குறையும். ஒன்ராறியோ ஏரியின் கிழக்கே இருக்கும் டக் ஹில் மேட்டுநிலத்தில் மார்ச்சிலும் கொட்டிக்கொண்டிருக்கும்.